ஸ்கேனர் மாறிய பிறகு முடிவுகள் தாவுகின்றனவா? நீண்டகால மூளைப் பட ஆய்வுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஐந்தாறு வருடமாக ஓடும் ஆய்வு. நடுவில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனரை அப்கிரேட் செய்துவிட்டார்கள். படங்கள் முன்பைவிடப் பளிச்சென்று வருகின்றன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. தரவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. எழுபதைக் கடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் (நினைவாற்றலுக்கான மூளைப் பகுதி) இரண்டு வருடத்தில் வளர்ந்திருக்கிறது. அல்லது நோயே இல்லாதவர்களின் மூளைப் புறணி திடீரென்று மெலிந்திருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்த வழிமுறை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியைப் படிக்காமல் போகாதீர்கள்.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துவிடலாம். ஆரோக்கியமான முதியவரின் மூளை வருடத்துக்கு ஏறக்குறைய 0.5 சதவீதம் சுருங்கும். ஹிப்போகாம்பஸ் 1 முதல் 1.5 சதவீதம் சுருங்கும். அல்சைமர் நோயில் அது 3 முதல் 5 சதவீதம் வரை போகும். ஒருவருடைய ஹிப்போகாம்பஸ் 3,500 கன மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முதுமையால் வருடத்துக்குப் போவது 35 முதல் 50 கன மி.மீ. அப்கிரேட்டால் அளவீடு 3 சதவீதம் நகர்ந்தால் அது 105 கன மி.மீ. இரண்டு மூன்று வருட முதுமை ஒரே இரவில் கூடும், அல்லது காணாமல் போகும். கட்டியையும் ரத்தக்கசிவையும் தேடிப் படம் பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அப்கிரேட் செய்ய வரும் பொறியாளரும் இதைச் சோதிப்பதில்லை. படம் தரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்; போன மாதப் படம் தந்த அதே எண்ணை இந்த மாதப் படமும் தருமா என்பது அவர் பட்டியலிலேயே இருக்காது.

எதையும் தொடுமுன்: தேதி வாரியாக ஒரு வரைபடம்

பெரும்பாலானவர்கள் வயதை வைத்தோ, முதல் வருகை, இரண்டாம் வருகை என்றோ வரைபடம் போடுவார்கள். அதில் ஸ்கேனரின் கோளாறு பதுங்கிக்கொள்ளும். வயது, பாலினம் இரண்டின் விளைவையும் கழித்துவிட்டு, மிஞ்சும் எண்களை ஸ்கேன் எடுத்த தேதி வாரியாக வரையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஸ்கேன். மூளை சரியும், தாவாது. எங்காவது ஒரு செங்குத்துப் படி தெரிந்தால் அது எந்திரத்தின் வேலை அல்லது கணினியின் வேலை.

அதே வரைபடத்தில் கோடு கோடாகக் குறிக்க வேண்டியவை: ஹார்டுவேர் மாறிய நாள், மென்பொருள் பதிப்பு மாறிய நாள், தலைக் காயில் (தலையைச் சுற்றி வைத்து சிக்னலை வாங்கும் கூண்டு) மாறிய நாள், பெரிய சர்வீஸ் நடந்த நாட்கள், நீங்கள் பகுப்பாய்வு மென்பொருளையோ கணினியையோ மாற்றிய நாள். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

சர்வீஸ் பதிவேடு கைக்குக் கிடைக்கவில்லையா? ஸ்கேனர் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்புகளின் தலைப்புப் பகுதியே சாட்சி சொல்லும். மென்பொருள் பதிப்பு, கருவியின் வரிசை எண், ஏற்கும் காயிலின் பெயர், எக்கோ நேரம், பிக்ஸல் பேண்ட்விட்த், 'இமேஜ் டைப்' ஆகிய புலங்களை எல்லா ஸ்கேன்களிலிருந்தும் உருவி ஒரு அட்டவணை போடுங்கள். எந்தத் தேதியில் எந்த மதிப்பு மாறுகிறது என்று பாருங்கள். வரிசை எண்ணை மட்டும் நம்பக் கூடாது. சீமென்ஸ் ட்ரையோவை பிரிஸ்மாவாக மாற்றும்போது காந்தம் பழையதுதான். கிரேடியன்ட் காயில், மின்னணுப் பகுதிகள், மென்பொருள் எல்லாம் புதிது. அறையில் அதே உருண்டை நிற்கும், உள்ளே வேறு கருவி.

இன்னொரு சுலபமான சோதனை, மண்டையறைப் பருமன். வளர்ந்த மனிதரின் மண்டை ஓடு இரண்டு வருடத்தில் பெரிதாகாது. அப்கிரேட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யப்பட்ட அதே ஆட்களின் மண்டையறைப் பருமன் ஒரே திசையில் நகர்ந்திருந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. மூளைப் படங்களை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் நீள்தொடர் ஓட்டத்தில் (வருகைகளைச் சேர்த்துக் கணக்கிடும் முறை) ஒருவரின் எல்லா வருகைகளுக்கும் ஒரே மண்டையறைப் பருமனைத்தான் எடுத்துக்கொள்ளும். எனவே தாவல் இருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாக ஓட்டிய முடிவில் பாருங்கள்.

அறிகுறி 1: எல்லாப் பகுதிகளின் பருமனும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தாவுகிறது

மண்டையறை, வெண்பொருள், சாம்பல் பொருள், மூளை அறைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகர்கின்றன என்றால் வடிவ அளவில் கோளாறு. எம்.ஆர்.ஐ.யில் எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது கிரேடியன்ட். அதன் அளவுத்திருத்தம் 0.1 சதவீதம் பிசகினால் நீளம் 0.1 சதவீதம் பிசகும். மூன்று அச்சிலும் அப்படி ஆனால் பருமன் 0.3 சதவீதம். நீளத்தில் 1 சதவீதப் பிழை, பருமனில் 3 சதவீதம்.

ஃபேன்டம் (அளவு தெரிந்த சோதனைப் பொருள்) சோதனையில் தேறிவிட்டதே என்று சொல்வார்கள். அமெரிக்க கதிரியக்கவியல் கல்லூரியின் பெரிய ஃபேன்டம் 190 மி.மீ. விட்டமும் 148 மி.மீ. நீளமும் கொண்டது, அதில் நெடுங்காலம் இருந்துவந்த வரம்பு ±2 மி.மீ. அதாவது ஏறக்குறைய 1 சதவீத விலகலோடும் ஒரு கருவி 'பாஸ்' ஆகலாம். மருத்துவத்துக்கு அது தாராளமாகப் போதும். வருடத்துக்கு அரை சதவீதச் சுருக்கத்தைத் தேடும் ஆய்வுக்கு அந்தச் சான்றிதழால் பயனில்லை. தேறியதா என்று கேட்காதீர்கள். அளந்த எண்ணைக் கேளுங்கள். அப்கிரேட்டுக்கு முன் எடுத்த எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவுத்திருத்தம் சரியாக இருந்தும் தாவல் இருந்தால், அடுத்தது உருத்திரிபுத் திருத்தம். கிரேடியன்ட் புலம் நடுமையத்தில்தான் நேர்கோடாக இருக்கும். விலக விலக வளையும். எந்திரம் அதைக் கணக்கிட்டுத் திருத்தும். அந்தத் திருத்தம் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கலாம்: இல்லவே இல்லை, ஸ்லைஸின் தளத்துக்குள் மட்டும், முப்பரிமாணத்திலும். சீமென்ஸ் கோப்புகளில் 'இமேஜ் டைப்' புலத்தை உற்றுப் பாருங்கள். பழைய ஸ்கேனில் அந்த வரியின் கடைசியில் 'என்.டி.' என்றும் புதியதில் 'டிஸ்2டி' அல்லது 'டிஸ்3டி' என்றும் இருந்தால், முதலாவது திருத்தப்படாத படம், பின்னவை திருத்தப்பட்டவை. கதை அங்கேயே முடிந்தது. நெறிமுறையைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது இந்த ஒரு தேர்வு சத்தமில்லாமல் மாறிவிடுவது சகஜம்.

இருபரிமாணத் திருத்தத்தில் இன்னொரு வினை உண்டு. பக்கவாட்டு ஸ்லைஸ்களாக எடுத்த படத்தில் இடம்-வலம் திசை திருத்தப்படாமல் கிடக்கும். குறுக்கு ஸ்லைஸ்களாக எடுத்திருந்தால் தலை-கால் திசை. ஸ்லைஸின் திசையை யாராவது மாற்றியிருந்தால் விலகலின் வடிவமும் மாறும்.

தீர்வு: திருத்தப்படாத படங்கள் சேமிப்பில் இருந்தால், கிரேடியன்ட் காயிலுக்குரிய குணகக் கோப்பை வைத்து வெளியே நீங்களே எல்லாப் படங்களுக்கும் ஒரே முறையில் முப்பரிமாணத் திருத்தம் செய்யலாம். பழைய காயிலுக்குப் பழைய கோப்பு, புதியதற்குப் புதியது. திருத்திய படம் மட்டும்தான் இருக்கிறதென்றால் பின்னோக்கிப் போவது கடினம். அப்போது மண்டையறைப் பருமனால் வகுத்த விகிதத்தைப் பயன்படுத்தினால், சீரான விரிவு பெரும்பகுதி கழிந்துவிடும். சீரற்ற விரிவு கழியாது. உச்சந்தலையும் சிறுமூளையின் அடிப்பகுதியும் மையத்திலிருந்து தள்ளி இருப்பவை. அங்கே மிச்சம் நிற்கும். புதிய தலைக் காயிலில் தலை இரண்டு சென்டிமீட்டர் மேலே போய்ப் படுத்தாலே இது மாறும். எனவே தலை வைக்கும் இடத்தையும் நெறிமுறையில் எழுதி வையுங்கள்.

அறிகுறி 2: மொத்தப் பருமன் சரி, புறணித் தடிமன் மட்டும் இடத்துக்கு இடம் வேறு மாதிரி மாறுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். பிடிப்பதற்குச் சிரமமானதும் இதுதான்.

புறணியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 2.5 மி.மீ. நாம் எடுக்கும் வாக்ஸல் (படத்தின் மிகச் சிறிய கனத் துண்டு) வழக்கமாக 1 மி.மீ. அப்படியென்றால் மென்பொருள் தடிமனை நேரடியாக அளப்பதில்லை. சாம்பல் பொருளும் வெண்பொருளும் சந்திக்கும் இடத்தில் பிரகாசம் எப்படிச் சரிகிறது என்று பார்த்து எல்லையை ஊகிக்கிறது. அந்தச் சரிவை மாற்றும் எதுவும் தடிமனை மாற்றும்.

வரிசையாகப் பாருங்கள். முதலாவது காயில். 12 சேனல் காயிலிலிருந்து 32 அல்லது 64 சேனலுக்குப் போனால், தலையின் மேற்பரப்பை ஒட்டிய பகுதிகளில் சிக்னல் எகிறும். நடுவில் அந்த அளவு லாபம் கிடைக்காது. வெளிப்பக்கம் பளிச், உள்பக்கம் மங்கல். இதைச் சமன்செய்ய எந்திரத்திலேயே வசதி உண்டு. சீமென்ஸில் அதைப் பயன்படுத்தியிருந்தால் 'இமேஜ் டைப்' வரியில் 'நார்ம்' என்று வரும். முன்பு அது அணைந்திருந்து இப்போது எரிந்தால், அல்லது மறுதலையாக இருந்தால், புறணி எல்லைகள் நகர்ந்திருக்கும்.

இரண்டாவது, டி1 படத்தின் (மூளையின் அமைப்பைக் காட்டும் வழக்கமான படம்) காட்சி வேறுபாடு, அதாவது திசுக்களுக்கு இடையிலான பிரகாச வித்தியாசம். எக்கோ நேரம், தலைகீழாக்கும் நேரம், திருப்பு கோணம், பேண்ட்விட்த் ஆகியவற்றைப் பழைய நெறிமுறையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தும் வேறுபாடு மாறலாம். துடிப்பு வடிவங்களைத் தயாரிப்பாளர் உள்ளே மாற்றியிருப்பார், அது திரையில் தெரியாது. அதனால் எண்களை நம்பாமல் படத்தையே அளக்கலாம். வெண்பொருளின் சராசரிப் பிரகாசத்தைப் புறணியின் பிரகாசத்தால் வகுத்து வரும் விகிதத்தை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கணக்கிட்டு, முதலில் போட்ட தேதி வரைபடத்தில் ஏற்றுங்கள். அதுவும் அதே நாளில் தாவினால் தடிமன் மாற்றத்துக்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

மூன்றாவது, சற்றுப் புதிய வில்லன்: ஆழ்கற்றல் மூலம் படத்தை மீட்டுருவாக்கும் வசதி. ஜி.இ.யின் ஏர் ரீகான் டி.எல்., சீமென்ஸின் டீப் ரிசால்வ், பிலிப்ஸின் ஸ்மார்ட்ஸ்பீடு என்று எல்லா நிறுவனங்களும் தருகின்றன. இரைச்சலைக் குறைத்து விளிம்பைக் கூர்மையாக்கும். கண்ணுக்கு விருந்து, விளிம்பை வைத்து அளக்கும் கணக்குக்கு ஆபத்து. நடப்பிலிருக்கும் நீள்தொடர் ஆய்வில் இதை அணைத்துவைப்பதே என் கட்சி. அணைக்கவே முடியாத பதிப்பென்றால், மூலத் தரவைச் சேமியுங்கள்.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: அசைவு. தலை அசைந்தால் புறணி மெலிந்ததாக அளவிடப்படும். புதிய காயில் தலையை இறுக்கிப் பிடித்தாலோ, ஸ்கேன் நேரம் பாதியானாலோ அசைவு குறையும், புறணி 'தடித்துவிடும்'. இது முதியவர்களிடமும் குழந்தைகளிடமும் நோயாளிகளிடமும் அதிகமாகத் தெரியும். யாரிடம் விளைவைத் தேடுகிறீர்களோ அவர்களிடமே.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லா அப்கிரேட்டும் நாசம் என்று முடிவு கட்ட வேண்டாம். 2006-ல் வெளியான ஒரு நம்பகத்தன்மை ஆய்வில், ஒரே ஸ்கேனரில் மீண்டும் எடுத்தபோது தடிமனின் மாறுபாடு 0.12 மி.மீ.க்குள் இருந்தது. தயாரிப்பாளர் மாறியபோது 0.15, காந்தப்புலம் 1.5 டெஸ்லாவிலிருந்து 3-க்குப் போனபோது 0.17. ஒரே புல வலிமைக்குள் நடந்த அப்கிரேட் மாறுபாட்டைக் கூட்டவில்லை. ஆகவே ஊகித்துப் பயப்படுவதும் தப்பு, ஊகித்து நிம்மதியடைவதும் தப்பு. அளந்து பாருங்கள்.

அறிகுறி 3: ஹார்டுவேரில் யாரும் கைவைக்கவில்லை, ஆனாலும் தாவுகிறது

மனித கனெக்டோம் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் நடுவில் அவர்களுடைய படமீட்டுருவாக்க மென்பொருள் மட்டும் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. காந்தமும் காயிலும் அப்படியே இருந்தன. இருந்தும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. தரவில் அந்த மாற்றத்தின் சுவடு தெளிவாகப் பதிந்தது. அதனால்தான் ஒவ்வொரு நபரின் தரவும் எந்தப் பதிப்பில் மீட்டுருவாக்கப்பட்டது என்று ஒரு தனிப் பத்தியே அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் இருக்கிறது. அந்தப் பத்தியைக் கண்டுகொள்ளாமல் ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஸ்கேனரில் எதுவுமே மாறவில்லை என்றால், உங்கள் கணினியைப் பாருங்கள். ஃப்ரீசர்ஃபரின் பதிப்பு மாறினால் அதே படம் எவ்வளவு வேறு எண்களைத் தரும் என்று 2012-ல் ஒரு ஆய்வு அளந்து காட்டியது: பருமனில் சராசரியாக 8.8 சதவீதம், தடிமனில் 2.8 சதவீதம். இயக்க அமைப்பின் பதிப்பு மாறினாலே அதில் ஏறக்குறைய பாதி. அப்கிரேட்டை நாள் முழுக்கத் திட்டிவிட்டு, பாதித் தரவைப் பழைய பதிப்பிலும் மீதியைப் புதிய பதிப்பிலும் ஓட்டியிருந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் ஒரே பதிப்பில், ஒரே கன்டெய்னரில் (மென்பொருளை அதன் சூழலோடு மாறாமல் பொதிந்து வைக்கும் தொகுப்பு) மறுபடி ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

அறிகுறி 4: பரவல் படங்களில் எஃப்.ஏ. இறங்குகிறது, சராசரிப் பரவல் ஏறுகிறது

பரவல் படம் திசுவில் நீர் எப்படிப் பரவுகிறது என்று காட்டும்; அந்தப் பரவல் எந்த அளவு ஒரே திசையைச் சார்ந்திருக்கிறது என்ற எண்தான் எஃப்.ஏ. கிரேடியன்ட் வலிமை கூடிய எல்லா அப்கிரேட்டிலும் இந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம். ட்ரையோவில் மீட்டருக்கு 40–45 மில்லிடெஸ்லா, பிரிஸ்மாவில் 80. வலிமை கூடினால் எக்கோ நேரத்தைக் குறைக்கலாம். சிக்னல் ஏறும், சிக்னல்-இரைச்சல் விகிதம் மேம்படும். அங்கேதான் சிக்கல். இரைச்சல் அதிகமாக இருக்கும்போது, திசைச்சார்பு குறைந்த திசுக்களில் எஃப்.ஏ. செயற்கையாக உயர்ந்து தெரியும். இரைச்சல் போனதும் அந்தப் பொய் உயரமும் போகும். வெண்பொருள் சிதைந்ததாக எண்ணி ஒரு கட்டுரையே எழுதிவிடலாம், அவ்வளவு நம்பும்படி இருக்கும். உயர் பி-மதிப்பில் (பரவலை உணர எவ்வளவு வலுவாகக் கிரேடியன்ட் போடுகிறோம் என்ற அளவு) சிக்னல் இரைச்சல் தரையைத் தட்டிக்கொண்டிருந்த பழைய தரவில் பரவல் குறைவாகத் தெரிந்திருக்கும். இப்போது அது ஏறும்.

இன்னொன்று அளவுத்திருத்தம். பி-மதிப்பு கிரேடியன்ட் வலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. வலிமையில் 1 சதவீதப் பிழை பரவல் எண்ணில் 2 சதவீதமாக வெளிப்படும். இதைச் சோதிக்க விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. பனிக்கட்டி கலந்த நீரில் மூழ்கிய நீர்க்குழாய் போதும்: 0 டிகிரி செல்சியஸில் நீரின் பரவல் குணகம் வினாடிக்கு ஏறத்தாழ 0.0011 சதுர மி.மீ. எந்த ஊர் நீரும், எந்த வருட நீரும் அதே எண்தான் தரும். எக்ஸ், ஒய், இசட் மூன்று திசையிலும் தனித்தனியாக அளந்து, அப்கிரேட்டுக்கு முன்பின் ஒப்பிடுங்கள்.

நெறிமுறை அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புதிய கிரேடியன்ட் வந்துவிட்டது என்பதற்காகவே எக்கோ நேரத்தைக் குறைக்காதீர்கள். பழைய எண்ணிலேயே ஓட்டினால் கருவியின் முழுத் திறனும் வீணாகிறது என்று சலித்துக்கொள்வார்கள். ஆகட்டும். தொடர்ச்சிதான் இங்கே திறன்.

அறிகுறி 5: செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.யில் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகள் ஒரேயடியாக வலுப்பெறுகின்றன

நேரத் தொடரின் சிக்னலுக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் உள்ள விகிதம் மேம்பட்டாலே தொடர்புக் கெழுக்கள் உயரும். அகர் ஃபேன்டமை வாரந்தோறும் ஸ்கேன் செய்து இந்த விகிதத்தையும் நகர்வையும் பதிந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை தெரியும். பதியவில்லை என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: கட்டக் குறியீட்டின் திசை (படம் எந்தப் பக்கம் திரியும் என்பதைத் தீர்மானிக்கும் தேர்வு) முன்-பின் என்பதிலிருந்து பின்-முன் என்று புரண்டிருக்கிறதா, ஸ்லைஸ் எடுக்கும் வரிசை மாறியிருக்கிறதா. திசை புரண்டால் நெற்றி மடலின் அடிப்பகுதியில் உருத்திரிபு எதிர்ப்பக்கம் சாயும். அந்தப் பகுதியின் முடிவுகள் மட்டும் விசித்திரமாக நடந்துகொள்ளும்.

அறிகுறி 6: கோப்பு மாற்றும்போதே பிழை வருகிறது, அல்லது ஸ்லைஸ் நேரங்கள் காணவில்லை

சீமென்ஸ் மென்பொருளில் வி.இ. பதிப்பிலிருந்து எக்ஸ்.ஏ. பதிப்புக்குப் போனவர்களுக்கு இது பழக்கம். டைகாம் வடிவமே மாறிவிட்டது. பல படங்களை ஒரே கோப்பில் அடக்கும் விரிவுபடுத்தப்பட்ட வடிவம் வந்தது. நிறுவனம் தனக்கென வைத்திருந்த பழைய தலைப்புப் பகுதி போய்விட்டது. ஏற்றுமதி செய்யும்போது பழைய பாணி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பல விவரங்கள் உதிர்ந்துவிடும். விரிவுபடுத்தப்பட்டதையே எடுங்கள், கோப்பு மாற்றும் மென்பொருளான டிசிஎம்2நிக்ஸின் புதிய பதிப்பால் மாற்றுங்கள். பிறகு வைட்டமின் ஈ மாத்திரையை வலது நெற்றியில் ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்து, மாற்றிய கோப்பிலும் அது வலப்பக்கமே தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கும், செய்யுங்கள்.

அறிகுறி 7: தாவல் எதுவும் கண்ணில் படவில்லை, ஆனால் இரு குழுக்களுக்கும் உள்ள வித்தியாசம் சந்தேகமாக இருக்கிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான், ஏனெனில் முடிவு அழகாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அப்கிரேட் தடிமனை எல்லோருக்கும் 0.05 மி.மீ. உயர்த்துகிறது. நோயாளிகளில் 70 சதவீதம் பேர் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள்; ஒப்பீட்டுக் குழுவைப் பின்னால் சேர்த்ததால் அவர்களில் 70 சதவீதம் பேர் பிறகு வந்தார்கள். நோயாளிகளின் சராசரியில் ஏறுவது 0.015 மி.மீ., மற்றவர்களின் சராசரியில் 0.035. நோயே இல்லாமல் 0.02 மி.மீ. 'மெலிவு' உருவாகிவிட்டது. தராசை நடுவில் மாற்றிவிட்டு யார் இளைத்தார்கள் என்று கேட்பது போலத்தான்.

நீள்தொடர் வடிவத்தில் இது இன்னும் சூட்சுமமானது. எல்லோருக்கும் முதல் ஸ்கேன் முன்பும் இரண்டாவது ஸ்கேன் பின்பும் என்றால், முதுமையும் அப்கிரேட்டும் ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. இரண்டு வருடத்தில் உண்மையான இழப்பு 2 சதவீதம், அப்கிரேட் கூட்டியது 1.5 சதவீதம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.5 சதவீத இழப்பு. இந்த 0.5-ஐப் பிரித்து எடுக்க எந்தப் புள்ளியியல் வித்தையாலும் முடியாது. காம்பேட் என்ற புள்ளியியல் திருத்தத்தைப் போட்டுவிட்டோம் என்று சொல்பவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்.

காம்பேட் 2007-ல் மரபணு வெளிப்பாட்டுத் தரவின் தொகுதி வேறுபாட்டை நீக்க வந்தது; 2017, 2018-ல் பரவல் படங்களுக்கும் புறணித் தடிமனுக்கும் கொண்டுவந்தார்கள்; ஒரே நபரின் பல வருகைகளைக் கணக்கில் எடுக்கும் வடிவம் 2020-ல் வந்தது. நல்ல கருவி. ஆனால் ஸ்கேனரும் வயதும், அல்லது ஸ்கேனரும் நோயும் பின்னிப் பிணைந்திருந்தால் அது உண்மையான விளைவையும் சேர்த்துச் சுரண்டிவிடும், அல்லது பொய்யான விளைவைக் காப்பாற்றிவிடும். ஒரே நபரின் பல வருகைகள் இருக்கும் தரவில் சாதாரண காம்பேட்டை ஓட்டுவதும் தவறு.

வழி இருக்கும் சூழல்கள் இவை. சிலருக்கு இரண்டு ஸ்கேனும் முன்பே முடிந்தது, சிலருக்கு இரண்டும் பின்பு, சிலர் இடையில் என்று கலந்திருந்தால், கலப்பு விளைவு மாதிரியில் ஸ்கேனர் நிலையைத் தனி மாறியாகச் சேர்த்துத் தாவலை மதிப்பிடலாம். இரு குழுக்களும் ஒரே விகிதத்தில் அப்கிரேட்டைத் தாண்டியிருந்தால், இருவரின் சரிவுக்கும் உள்ள வித்தியாசத்தில் தாவல் கழிந்துவிடும். ஆனால் தாவல் இருவருக்கும் சமம் என்ற அனுமானத்தின் மேல்தான் அது நிற்கிறது. வெண்பொருளில் நோய்த் தழும்புகள் உள்ளவருக்கும், அதிகம் அசைபவருக்கும் அது சமமாக இராது. இரண்டு சூழலிலும், அப்கிரேட்டுக்கு முந்தைய தரவை மட்டும் வைத்து ஒருமுறை, பிந்தையதை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முழுத் தரவு, இந்த இரண்டு என மூன்றிலும் விளைவின் திசை ஒன்றாக இருந்தால் மூச்சு விடலாம்.

தாவலை அளக்க அதே ஆட்களை அப்கிரேட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த இணைப்புத் தரவே இல்லாமல், எல்லோரும் ஒரே திசையில் தாண்டிய ஆய்வு என்றால், மாற்றத்தின் முழு அளவைப் பற்றி எழுதாதீர்கள். குழுக்களின் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள், அனுமானத்தையும் சேர்த்து.

அப்கிரேட் இன்னும் நடக்கவில்லை என்றால்

முதல் கேள்வி: நடந்தே ஆக வேண்டுமா? யூ.கே. பயோபேங்க் 2014-ல் மூளைப் படமெடுப்பைத் தொடங்கியபோது, ஆய்வு முடியும்வரை பெரிய ஹார்டுவேர், மென்பொருள் மாற்றங்கள் கிடையாது என்று கொள்கையாகவே வைத்துக்கொண்டது. புதிய மையங்களைத் திறந்தபோதும் அதே மாதிரி ஸ்கேனர்தான். அந்தச் செல்வாக்கு எல்லோருக்கும் இருக்காது. மருத்துவமனையின் கருவியில் நேரம் கேட்டு வாங்கி ஆய்வு செய்பவர்களுக்கு அப்கிரேட் தேதியே கடைசியில்தான் தெரியவரும். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதம் தள்ளிப்போனாலும் இரண்டாம் சுற்றை முடித்துவிடலாம்.

தவிர்க்க முடியாதென்றால், இணைப்பு ஸ்கேன்கள். சிலரை அப்கிரேட்டுக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து தாவலை நேரடியாக அளப்பது. எத்தனை பேர் என்று எப்போதும் கேட்பார்கள். ஒருவரை இருமுறை ஸ்கேன் செய்தால் வரும் வித்தியாசத்தின் திட்ட விலகல் 1.5 சதவீதம் என்று கொள்வோம். 5 பேரை வைத்தால் சராசரியின் திட்டப் பிழை 0.67 சதவீதம், 1 சதவீதத் தாவலை அதனால் பிடிக்கவே முடியாது. 25 பேர் என்றால் 0.3. நாற்பது பேர் என்றால் 0.24. ஐந்து பேர் போதும் என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். வயதிலும் உடல்நிலையிலும் உங்கள் ஆய்வுக் கூட்டத்தைப் போன்றவர்களாக இருக்க வேண்டும். ஆய்வகத்து இளம் மாணவர்களை மட்டும் படுக்கவைத்து எடுத்த திருத்தம் எழுபது வயது மூளைக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. முடிந்தால் முன்பே இருமுறை எடுங்கள், அப்போதுதான் சாதாரண மாறுபாடு எது, தாவல் எது என்று பிரியும். இடைவெளி வாரக்கணக்கில் இருக்கட்டும். காலையில் எடுத்தவரை மறுபடியும் காலையிலேயே எடுங்கள். காலையிலிருந்து மாலைக்குள் மூளையின் அளவே சற்றுக் குறைகிறது.

பொறியாளர் வருவதற்கு முந்தைய நாள் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு வரிசைமுறையின் எல்லாப் பக்கங்களையும் பி.டி.எஃப். ஆக அச்சிடுங்கள், நெறிமுறைக் கோப்பையும் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். கிரேடியன்ட் குணகக் கோப்பை நகலெடுங்கள். பழைய காயில் வண்டியேறியபின் அதைத் தேடி அலைவீர்கள். வடிவ ஃபேன்டம், அகர் ஃபேன்டம், பனி நீர் மூன்றையும் கடைசியாக ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். வேலை முடிந்து அவர் கிளம்புமுன், பழைய பி.டி.எஃப்.ஐத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாற்றப்பட்ட நெறிமுறையை வரி வரியாக ஒப்பிடுங்கள். 'என்.டி.', 'நார்ம்', கட்டக் குறியீட்டுத் திசை, எக்கோ நேரம் – இந்த நான்கில் ஏதாவது மாறியிருந்தால் அவர் அங்கேயே இருக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.